தோமையார் மலைக்குப் பாதை அமைத்த கோஜா பெத்ருஸ் உஸ்கான்



தங்கள் குடும்ப வரலாற்றைத் தேடிப் பங்கு அலுவலகங்களுக்கு வருகிறவர்கள் இப்போது அதிகம். தாத்தாவின் தாத்தா யார், எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த ஆண்டு திருமுழுக்குப் பெற்றார் என்று பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்க்கக் கேட்கிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் இந்தத் தேடல் சில ஊர்களில், கோவிலைக் கட்டியது எங்கள் வீட்டார், ஆகவே திருவிழாவில் முதல் மரியாதை எங்களுக்கே என்ற வழக்கில் போய் நிற்பதையும் நாம் பார்க்கிறோம். சென்னை மாநகரின் தொடக்ககாலக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்க வணிகரை இங்கே நினைவுகூர விரும்புகிறோம். அவர் வாழ்ந்த வீடு இன்று இல்லை. முதல் மரியாதை கேட்டு வரும் வாரிசும் இல்லை.

செவ்வாய்க்கிழமைகளில் பாரிமுனை அந்தோனியார் கோவிலுக்குச் செல்லும் நம்மவர்களுக்கு அரண்மனைக்காரன் தெரு நன்கு தெரியும். அந்தத் தெருவில் எந்த அரண்மனையும் இருந்ததில்லை. அர்மேனியக்காரர் தெரு என்பதுதான் மக்கள் வாயில் அரண்மனைக்காரன் தெருவாக மாறிப்போனது. நமது இணைப்பேராலயத்திற்கு அருகிலேயே 1772-இல் கட்டப்பட்ட அர்மேனியக் கோவில் இருக்கிறது. உலகின் முதல் அர்மேனிய இதழ் 1794-இல் சென்னையில்தான் அச்சானது என்பதும், அதை நடத்தியவர் ஒரு குரு என்பதும் நம்மில் பலர் அறியாத செய்தி.

இந்த அர்மேனியர்கள் யார்? ஆராஸ் ஆற்றங்கரையில் இருந்த ஜூல்பா நகர மக்களைப் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 1604-05-இல் வேரோடு பெயர்த்துக் கொண்டுபோய் இஸ்பஹான் நகருக்கு அருகே குடியமர்த்தினார். ஊரை இழந்த அந்த மக்கள் புதிய இடத்திற்கும் ஜூல்பா என்றே பெயரிட்டார்கள். அங்கிருந்து வணிகத்திற்காக உலகெங்கும் பரவினார்கள். 1688-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. கம்பெனியின் ஊர்களில் அவர்கள் குடியிருக்கலாம், வணிகம் செய்யலாம், தங்கள் முறைப்படி வழிபடலாம். ஓர் ஊரில் 40 அர்மேனியர் சேர்ந்தால் கோவிலுக்கு இடமும் கொடுக்கப்படும். சென்னையில் அவர்களது முதல் கோவில் 1712-இல் எழுந்தது.

ஜூல்பாவில் 1680-ஐ ஒட்டிப் பிறந்தவர் பெத்ருஸ். உஸ்கான் என்பது குடும்பப் பெயர். கோஜா என்பது பெரிய வணிகர்களுக்கு மதிப்புடன் வழங்கிய பட்டம். மணிலாவோடு வணிகம் செய்து பெரும் பொருள் ஈட்டிய அவர் 1720-களில் சென்னையில் நிலைகொண்டார். மணிலா அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. ஆங்கிலேயர் நேரடியாக அங்கே வணிகம் செய்ய முடியாது. அர்மேனியருக்குத் தடையில்லை. ஆகவே சோழமண்டலக் கரையின் துணிகள் அர்மேனியர் பெயரில் மணிலா சென்றன. மெக்சிகோவிலிருந்து அங்கு வந்த வெள்ளி, சென்னைக்குத் திரும்பியது. கம்பெனி ஆட்களின் பணமும் இதில் மறைவாக இருந்தது ஊரறிந்த இரகசியம். உஸ்கானின் செல்வம் இந்த உலகத்துச் சாமர்த்தியத்தில் பிறந்ததுதான். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அந்தச் செல்வத்தை அவர் எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பதே நம் கவனத்திற்குரியது.

கோட்டையிலிருந்து புனித தோமையார் மலைக்குப் போகிற திருப்பயணிகள் அடையாற்றைக் கடக்க வேண்டும். பாலம் கிடையாது. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் பயணம் அங்கேயே நின்றுவிடும். 1726-இல் உஸ்கான் சைதாப்பேட்டையில் தம் சொந்தச் செலவில் அங்கே ஒரு பாலம் கட்டினார். 30,000 வராகன் செலவானது. பாலத்தைக் கட்டியதோடு விட்டுவிடவில்லை; பின்னாளில் பழுதுபார்க்க 1,500 வராகன் தனியாக வைத்தார். கோபுரம் எழுப்ப நன்கொடை தர நம் பங்குகளில் பலர் முன்வருவார்கள். பத்து ஆண்டு கழித்து அதற்கு வெள்ளையடிக்க யாரும் வரமாட்டார்கள். அந்த 1,500 வராகனே நம் மனதை அதிகம் தொடுகிறது.

மாம்பலத்தின் பெயர் ஆங்கிலேயர் நாவில் திரிந்து, அது மர்மலாங் பாலம் எனப்பட்டது. திருப்பயணிகள் மட்டுமல்ல, சந்தைக்குப் போகிறவர்களும், மாட்டுவண்டிக்காரர்களும், எல்லாச் சமயத்தவரும் அதன்மீது நடந்தார்கள். பழைய பாலத்தின் இடத்தில் 20-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட புதிய பாலத்திற்கு மறைமலை அடிகள் பெயர். உஸ்கான் நாட்டிய கல்வெட்டு, பழைய பாலம் போன பிறகும் பல ஆண்டுகள் சாலையோரத்தில் நின்றது. மலையடிவாரத்திலிருந்து உச்சியில் உள்ள ஆலயம் வரை ஏறும் கற்படிகளும் அவர் அமைத்தவையே.

1746-இல் சோதனை வந்தது. பிரெஞ்சுக்காரர் லா பூர்தொனே தலைமையில் சென்னையைக் கைப்பற்றினர். உஸ்கான் தங்கள் பக்கம் வந்து புதுச்சேரியில் குடியேறினால் சொத்துகள் திரும்பக் கிடைக்கும் என்ற வழியைத் துய்ப்ளே திறந்து வைத்தார். பிரெஞ்சுக்காரர் கத்தோலிக்கர், சென்னையில் அவர் ஆதரித்த கப்புச்சின் துறவியரும் பிரெஞ்சுக்காரர்களே. அவர் சாய்ந்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். ஆனால் இத்தனை ஆண்டுகள் தம்மை வாழவைத்த ஊருக்குக் கொடுத்த வாக்கை அவர் மீறவில்லை. பொருளை இழந்து, டேனியரின் தரங்கம்பாடிக்குச் சென்றார்.

1749-இல் சென்னை மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கத்தோலிக்கர்கள் பிரெஞ்சுக்காரருக்கு உதவினார்கள் என்ற ஐயம் வலுத்தது. கோட்டைக்குள் இருந்த கப்புச்சின் ஆலயம் இடிக்கப்பட்டது. கத்தோலிக்கரும் அர்மேனியரும் வெள்ளையர் பட்டணத்தில் வீடு வைத்திருக்கக் கூடாது என்று கட்டளை பிறந்தது. தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் வீடுகளைவிட்டு வெளியேறின. நகரின் மூத்த குடும்பங்களின் வீடுகளை இன்று நம்மால் அடையாளம் காட்ட முடியாமற் போனதற்கு இது முக்கியமான காரணம். உஸ்கானுக்கு மட்டும் விதிவிலக்கு அளித்தார்கள். தம் இனத்தாரும் தம் சபையாரும் வெளியேற, தாம் மட்டும் தங்குவது அந்த முதியவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

1751 சனவரி மாதம், ஏறக்குறைய 70 வயதில் அவர் இறந்தார். வேப்பேரியில் தாம் கட்டியிருந்த அற்புதங்களின் அன்னை சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இதயத்தை மட்டும் ஒரு பேழையில் வைத்து, அவர் பிறந்த ஜூல்பாவுக்கு அனுப்பினார்கள். தம் முன்னோர் ஊரிழந்து நடந்த வழியில் பாதித் தூரமாவது அந்த இதயம் திரும்பிப் போனது.

மறு ஆண்டே, 1752-இல், அந்தச் சிற்றாலயத்தைக் கம்பெனியார் கத்தோலிக்கரிடமிருந்து எடுத்து, லூத்தரன் மறைப்பணியாளர் பப்ரிசியுசிடம் கொடுத்தார்கள். யாருக்கு உண்மையாக இருந்து பொருளை இழந்தாரோ, அவர்களே அவரது கோவிலையும் எடுத்தார்கள். இது அநீதி என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. அந்த வேப்பேரி வளாகத்தில் இருந்துதான் பப்ரிசியுஸ் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பிலும் 1779-இல் வெளிவந்த தமிழ்-ஆங்கில அகராதியிலும் உழைத்தார். எடுத்துக்கொள்ளப்பட்ட இடத்தில் தமிழுக்கு ஒரு பணி நடந்தது.

பழைய சிற்றாலயம் இருந்த வளாகத்தில் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் தூய மத்தியாஸ் ஆலயம் நிற்கிறது. உஸ்கானின் கல்லறைக் கல் அங்கேதான் இருக்கிறது. வேப்பேரிப் பக்கம் செல்லும் நம் மக்கள் அனுமதி கேட்டு உள்ளே போய், அந்தக் கல்லின் அருகே ஒரு செபம் சொல்லிவரலாம். தவக்காலத்தில் தோமையார் மலையில் சிலுவைப்பாதை செய்கிறவர்கள், படியேறும்போது அவருக்காக ஓர் அருள்நிறை மரியே சொல்லலாம்.