இரும்புக் கலப்பை தந்த கிர்லோஸ்கர்

நம் நாட்டு உழவர் நெடுங்காலம் மரக்கலப்பை கொண்டே உழுது வந்தனர். அவர்கள் கையில் இரும்புக் கலப்பையைத் தந்தவருள் லட்சுமணராவ் கிர்லோஸ்கர் குறிப்பிடத்தக்கவர்.

இவர் 1869ஆம் ஆண்டு பிறந்தார். ஓவியராக விரும்பிப் பம்பாய்க் கலைப்பள்ளியில் சேர்ந்தார். நிறங்களைப் பகுத்துணரும் ஆற்றல் தம் கண்களுக்குக் குறைவு என்பதை அங்கே அறிந்தார். ஆயினும் மனம் தளராமல், வண்ணம் வேண்டாத இயந்திர வரைபடக் கலையைக் கற்று, அதனைக் கற்பிக்கும் ஆசிரியரானார். உரிய பதவி உயர்வு கிட்டாமற் போகவே, வேலையைத் துறந்து பெல்காம் நகரை அடைந்தார்.

அங்கே உடன்பிறந்தாருடன் மிதிவண்டிக் கடை நடத்தினார். மிதிவண்டி அக்காலத்தில் புதுமைப்பொருள்; ஆதலின் வாங்குவோர்க்கு அதனை ஓட்டவும் கற்பிக்க வேண்டியிருந்தது. கடை வாழ்வுக்கு வழி செய்தது. எனினும், பிறர் செய்த பொருளை விற்பதோடு அவர் உள்ளம் நிறைவு கொள்ளவில்லை. சிறு பட்டறை ஒன்றை அமைத்துத் தீவனம் நறுக்கும் கருவியையும், பின்னர் இரும்புக் கலப்பையையும் செய்தார்.

உழவரோ, இரும்பு பட்டால் மண் நஞ்சாகும் என்று அஞ்சினர். முதற்கலப்பை விலைபோக ஈராண்டுகள் ஆயின! அவர் சோர்ந்தாரில்லை. பட்டறை இருந்த இடத்தை விட்டு நீங்கவும் நேர்ந்தது. அந்நிலையில் ஔந்து மன்னர் தரிசு நிலம் அளித்து உதவினார். கள்ளி மண்டிய அந்நிலத்தில் 1910ஆம் ஆண்டு கிர்லோஸ்கர்வாடி என்னும் தொழிலூர் தோன்றியது. கலப்பையைத் தொடர்ந்து கரும்பாலைகளும் நீரிறைக்கும் பொறிகளும் அங்கே உருவாயின.

கிர்லோஸ்கர் 1956ஆம் ஆண்டு மறைந்தார். புதிய கருவியை ஆக்குவோர்க்கு அறிவோடு பொறுமையும் வேண்டும் என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.