கரும்பின் உறவைக் கண்ட ஜானகி அம்மாள்

சென்னையில் இருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் மதுரவாயல் இருக்கிறது. உலகம் புகழ்ந்த ஒரு பெண் விஞ்ஞானி அங்கேதான் கண் மூடினார்.

அவர் ஜானகி அம்மாள்.

1897-ம் ஆண்டு தலைச்சேரியில் பிறந்தார். சென்னையில் படித்தார். பெண்கள் படிப்பதே அரிதாக இருந்த காலம். அவரோ கல்யாணத்தை விட்டுக் கல்வியைத் தேடினார். அமெரிக்கா சென்று, 1931-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

1934-ல் கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்.

செடியின் உடலுக்குள் குரோமோசோம் என்ற நுண்ணிய இழைகள் உண்டு. தாய் தந்தையின் குணம் பிள்ளைக்கு வருவது இவற்றால்தான். ஜானகி அம்மாள் மைக்ராஸ்கோப் வழியே அவற்றை எண்ணினார். ஒரு செடியை இன்னொரு செடியோடு ஒப்பிட்டார். எதற்கு எது உறவு என்று ஆராய்ந்தார்.

1939-ல் இங்கிலாந்து போனார். யுத்தம் மூண்டது. குண்டு விழுந்த லண்டனிலும் வேலையை நிறுத்தவில்லை. 1945-ல் டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் கணக்கைப் பெரிய நூலாக வெளியிட்டார்.

பிறகு நேரு அழைத்தார். தாய்நாடு திரும்பினார். 1977-ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. 1984 பிப்ரவரி 7-ந்தேதி, 86-வது வயதில் காலமானார்.

இன்று கம்ப்யூட்டர், மரபணுக்களை எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறது. 2024-ல் ஒரு கரும்பு ரகத்தின் மரபணுத் தொகுதி வெளியானது. எந்தப் பகுதி நல்ல கரும்பில் இருந்து வந்தது, எது பேய்க்கரும்பில் இருந்து வந்தது என்று அதில் பிரித்துப் பார்க்கலாம்.

கம்ப்யூட்டர் இல்லாத நாளில், கண்ணால் எண்ணியே அந்தப் பாதையில் நடந்தவர் ஜானகி அம்மாள்.

ஒரகடம் தொழிற்சாலைக்கு மதுரவாயல் வழியே வேலைக்குப் போகும் பெண்களே! அந்த ஊரைக் கடக்கும்போது அவரை நினையுங்கள்.