ரவிவர்மா என்ற அச்சக முதலாளி

தீவகத்தின் பழைய வீடுகளில் சாமியறைக்குள் எட்டிப் பார்த்தால், தாமரைமேல் நிற்கும் இலட்சுமியையோ ஆற்றங்கரைப் பாறையில் இருந்து வீணை மீட்டும் சரஸ்வதியையோ இன்னும் காணலாம். கண்ணாடிச் சட்டம் கறுத்திருக்கும், காகிதம் மஞ்சளடித்திருக்கும். வேலணையில் சின்னதாக ஒரு டிசைன் கடை நடத்தும் நண்பர் அப்படியொரு இலட்சுமியை ஸ்கேன் செய்து ஒரு பலசரக்குக் கடையின் நாட்காட்டிக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கோயில் திருவிழா நோட்டீஸ், சாமத்தியவீட்டு அழைப்பிதழ், அந்தியேட்டிக் கல்வெட்டு, பிளெக்ஸ் என்று அவரிடம் வேலைக்குக் குறைவில்லை. ஆனால் அச்சுக் கூலியைத் தருகிறவர்கள் டிசைனுக்கும் காசா என்று முகம் சுளிக்கிறார்களாம். 2022இல் காகிதமும் மையும் இறக்குமதியாகாமல் நாடே திண்டாடியபோது கடையை மூடிவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார்.

அந்த இலட்சுமியை வரைந்தவரும் இதே தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டவர்தான். ராஜா ரவிவர்மாவை ஓவியராக எல்லோருக்கும் தெரியும். கடன்பட்ட அச்சக முதலாளியாக அவரைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

1848 ஏப்ரல் 29இல் திருவிதாங்கூரின் கிளிமானூரில் பிறந்தார். இளவயதிலேயே திருவனந்தபுரம் அரண்மனையின் ஆதரவு கிடைத்தது. எண்ணெய் வண்ணம் அங்கே புதுச் சங்கதி. அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் அதன் நுட்பத்தைச் சொல்லிக்கொடுக்க மறுத்தார் என்பார்கள். 1868இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் தான் வரைவதைப் பார்க்க மட்டுமே இடம் கொடுத்தாராம். பெரும்பாலும் பார்த்தும் பிழைவிட்டும் பழகியவர் 1873இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கினார். அதே ஆண்டு வியன்னாவிலும் பரிசு கிடைத்தது. பிறகு சமஸ்தானம் சமஸ்தானமாக அழைப்புகள். தம்பி ராஜராஜவர்மாவும் ஓவியர். அண்ணனுக்கு உதவியாளர், செயலாளர், கணக்கப்பிள்ளை எல்லாம் அவர்தான்.

அச்சு யோசனை வேறொருவருடையது. திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் ரி. மாதவராவ், 1884இல் எழுதிய கடிதத்தில், கேட்கிற எல்லோருக்கும் கையால் வரைந்து கொடுத்து முடியாது, தேர்ந்தெடுத்த படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சில் எடுக்கலாம் என்று ஆலோசனை சொன்னார். ரவிவர்மா உடனே இறங்கவில்லை. பரோடா மகாராஜாவுக்காக வரைந்த 14 புராண ஓவியங்களைப் பம்பாயில் காட்சிக்கு வைத்தபோது சனம் திரண்டது. அரண்மனைக்குள் போக வழியில்லாத அந்தச் சனத்தைப் பார்த்த பிறகே துணிவு வந்திருக்க வேண்டும்.

1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியது. கூட்டாளி, கோவர்த்தனதாஸ் மக்கன்ஜி என்ற வணிகர். இயந்திரங்களும் தொழில்நுட்பவியலாளர்களும் ஜேர்மனியிலிருந்து வந்தனர். முதலில் வெளியான படம் சகுந்தலையின் பிறப்பு.

அந்த அச்சுமுறையைக் கொஞ்சம் விளக்கினால்தான் பணம் எங்கே போனது என்பது புரியும். கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் வேண்டும். நெடுந்தீவு வேலிக் கல்லை நினைத்துவிட வேண்டாம். இது மழமழவென்று தேய்த்தெடுத்த சுண்ணக்கல். ஓவியத்தின் நிறங்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் இடம்வலம் மாற்றிக் கல்லில் தீட்ட வேண்டும். பிறகு ஒரே தாளை ஒவ்வொரு கல்லிலும் மாறி மாறி அழுத்த வேண்டும். மயிரிழை விலகினாலும் இலட்சுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும், தாள் குப்பைக்கு. ஒரு படமும் விற்காத மாதத்திலும் தொழிலாளருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும்.

சந்தையும் வெறுமையாக இருக்கவில்லை. பூனாவின் சித்ரசாலாவும் கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோவும் முன்பே சாமிப் படம் விற்றுக்கொண்டிருந்தன. 1896இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியது. கூட்டாளியும் விலகினார். கடன் சகோதரர்களின் தலையில் விழுந்தது. அச்சகம் லோனாவலாவுக்கு அருகே மளவ்லிக்கு இடம்மாறியது. ராஜராஜவர்மாவின் நாட்குறிப்பில் இந்தப் பணக் கவலைகள் பதிவாகியுள்ளன. அண்ணன் தம்பி இருவரும் ஊரூராகப் போய் உருவப்படம் வரைந்து சம்பாதிப்பார்கள், அச்சகம் அதை விழுங்கும். முதலாளி தூரத்தில் இருக்கும் கடை எப்படி ஓடும் என்பது தீவகத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடைசியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே வேலை செய்த ஜேர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷரிடமே அச்சகத்தை விற்றார்கள். 89 படங்களை அச்சிடும் உரிமையையும் சேர்த்து விலை 25,000 ரூபாய் என்று சொல்லப்படுகிறது. நாடெங்கும் சுவரில் தொங்கப்போகும் படங்களுக்கு அது என்ன விலை என்று இன்று கேட்கத் தோன்றும். கடன்காரர் வாசலில் நிற்கும்போது அந்தக் கணக்கெல்லாம் வராது.

ஷ்லைஷர் செய்ததுதான் எனக்குச் சுவாரசியமானது. சாமிப் படத்தை மட்டும் நம்பாமல் விளம்பர நாட்காட்டி, லேபிள் என்று சில்லறை வேலைகளையும் எடுத்தார். அச்சகம் பல பத்தாண்டுகள் ஓடியது. பின்னாளில் இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படத்தை எடுத்த தாதாசாகேப் பால்கேயும் சில காலம் அங்கே வேலை பார்த்தவர். ரவிவர்மா தோற்ற இடத்தில் ஷ்லைஷர் கெட்டிக்காரர் என்று சொல்வது எளிது. ஆனால் அவர் கைக்குப் போனபோது கல், இயந்திரம், பயின்ற ஆட்கள், பெயர் எல்லாமே தயாராக இருந்தன. முதல் நட்டத்தை வேறொருவர் தாங்கிவிட்டார்.

1905இன் தொடக்கத்தில் தம்பி ராஜராஜவர்மா இறந்தார். மைசூர் அரண்மனைக்கான வேலைகளில் இருந்த அண்ணனுக்கு அது ஒரு கை போனதுபோல. 1906 ஒக்டோபர் 2இல் கிளிமானூரில் ரவிவர்மாவும் காலமானார். மளவ்லி அச்சகம் 1972இல் தீயில் எரிந்தது.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் 25,000 ரூபாயிலேயே நின்றுவிட்டார். இந்தக் கிழமை அவருக்கு வந்திருப்பது ஒரு அந்தியேட்டிக் கல்வெட்டு, 32 பக்கம். டிசைன் கூலியை இம்முறை பற்றுச்சீட்டில் தனி வரியாக எழுதப் போகிறாராம்.