மறுப்பு மட்டும் போதுமா?

கண்ணபுரம் சந்தையிலே, அடுத்தவன் மாடு சொத்தை என்று கூவுவதோடு நின்றுவிட்டால் வியாபாரம் படியுமா? உன் காளையின் திமிலைக் காட்டு, நடையைக் காட்டு என்பார்கள் வாங்க வந்தவர்கள். காங்கேயம் சீமையாருக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வாக்குப் பெட்டிக்கும் அதே நீதிதான். அதை மெய்ப்பித்துக் காட்டிய வாழ்வு, கோவா தந்த ஜாக் டி செக்வேராவின் வாழ்வு.

1915-இல் பிறந்தவர், செல்வர். 1961-இல் போர்த்துகீசியர் ஆட்சி ஒழிந்தது. கோவாவை மகாராஷ்டிரத்தோடு இணைக்கலாகாது என்று கட்சி கண்டார். 1963 தேர்தலில் தோல்வி! வென்ற பந்தோட்கர், ஏழை எளியோரின் காவலராக எழுந்து நின்றார். இவர்களோ வேண்டாம், வேண்டாம் என்றனர். ஏன் வேண்டாம் என்பது குடிசைக்கு எட்டவில்லை. எட்டாத இடத்தை மாற்றார் நிரப்பினர்: இது கத்தோலிக்கர் குரல், நிலக்கிழார் குரல் என்று முத்திரை குத்தினர்.

சட்டமன்றத்தில் தலை எண்ணியிருந்தால் கோவா கரைந்திருக்கும். மக்களையே கேளுங்கள் என்று டில்லியில் வாதாடினார் செக்வேரா. 1966 டிசம்பரில் சட்டம் பிறந்தது. 1967 ஜனவரி 16-இல் வாக்கெடுப்பு. இணைப்புக்குப் பூ, தனித்திருக்க இரட்டை இலை. நம்மூர் இலையை எண்ணிக் குழம்பவேண்டாம்!

இம்முறை பேச்சு மாறிற்று. ராஷ்ட்ரமத் ஏடு, மராத்தி படிப்போரிடம் மராத்தியிலேயே வாதிட்டது. உல்லாஸ் புயாவின் கொங்கணிப் பாட்டு ஊர் ஊராய் ஒலித்தது. மகாராஷ்டிரத்து மதுவிலக்கு வந்தால் கள்ளிறக்குவோன் கதி என்ன? கோவா ஒரு மாவட்டமாய்ச் சுருங்கினால் வேலை யாருக்கு? அடுப்படிவரை சென்றன அந்தக் கேள்விகள்.

இலைக்கு 1,72,191, பூவுக்கு 1,38,170. 34,021 வாக்கில் கோவா பிழைத்தது! அதே மக்கள், அந்த மார்ச்சிலேயே பந்தோட்கரை மீண்டும் அரியணையேற்றினர். கட்சி வேறு, கேள்வி வேறு என்று பகுத்தறிந்த மக்கள் அவர்கள்! 1987-இல் கோவா மாநிலமானதைக் கண்டார் செக்வேரா, 1989-இல் மறைந்தார்.

நம் ஊராட்சியை நகராட்சியோடு இணைப்பதா என்ற பேச்சு கிராம சபையில் எழுந்தால், எதிர்க்கிறோம் என்று கூறி அமர்ந்துவிட்டால் போதுமா? வீட்டுவரி என்னவாகும், ஊரக வேலை என்னவாகும் என்று வீடு வீடாய் விளக்கியது யார்? ஆதரிப்போரும் பதில் சொல்லட்டும். விளக்கம் இல்லாத எதிர்ப்பு, மாற்றாருக்கு நாமே போட்ட வாக்கு!