திப்பு சுல்தானும் பிரெஞ்சுப் புரட்சியும்

ஆர்க்காட்டில் திப்பு மஸ்தான் அவுலியா என்னும் இறையடியாரின் அடக்கத்தலம் உள்ளது. மைசூர்ப் படைத்தலைவர் ஹைதர் அலியும் அவர்தம் துணைவியாரும் மகப்பேறு வேண்டி அங்கு வழிபட்டனர் என்பர். 1750ஆம் ஆண்டையொட்டித் தேவனகள்ளியில் பிறந்த மைந்தனுக்கு அவ்வடியாரின் பெயரையே சூட்டினர். மைசூரின் புலி எனப் பின்னாளில் போற்றப்பட்டவரின் பெயர் இவ்வாறு பாலாற்றங்கரையிலிருந்து சென்றதாகும்.

அவர்தம் போர்வாழ்வும் இந்நிலப்பகுதியிலேயே தொடங்கியது. 1767இல் முதல் மைசூர்ப் போர் மூண்டபோது, பதினேழு வயதை எட்டும் பருவத்தில் குதிரைப்படையுடன் சென்னையின் புறநகர் வரை பாய்ந்து சென்று மீண்டார். அவ்வாண்டின் இறுதியில் திருப்பத்தூரும் வாணியம்பாடியும் ஹைதரின் கைக்கு வந்தன. ஆம்பூர்க் கோட்டை மட்டும் முற்றுகைக்குப் பணியவில்லை. இன்று தோல் தொழிலால் அறியப்படும் இவ்வூர்கள், அன்று மைசூர் மேட்டுநிலத்திற்கும் சென்னைக்கும் இடைப்பட்ட வழிகளைக் காத்த படைவீடுகளாய் விளங்கின. ஆம்பூர் பிரெஞ்சுக்காரர்க்கும் புதிய களமன்று. 1749இல் அவர்தம் துணையோடு சந்தா சாகிபு ஆர்க்காட்டு நவாபு அன்வாருதீனை வீழ்த்தியது இங்கேதான்.

1782இல் ஹைதர் மறைந்தபின் திப்பு அரியணை ஏறினார். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியை எதிர்த்து நிற்க ஐரோப்பியத் துணை ஒன்று வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆயினும் அத்துணை முதற்சோதனையிலேயே தளர்ந்தது. 1783இல் மங்களூர் முற்றுகையின் நடுவே, ஐரோப்பாவில் இருநாடுகளுக்கும் அமைதி ஏற்பட்டது எனக் கேட்டதும் பிரெஞ்சுப் படையினர் போரிலிருந்து விலகினர். அவ்வருத்தத்தை உள்ளடக்கிக்கொண்டு, 1787இல் மூன்று தூதர்களைப் புதுச்சேரித் துறையிலிருந்து கப்பலேற்றி அனுப்பினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவர்கள் வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னரைக் கண்டனர். பாரிசு மக்கள் அவர்தம் உடையழகைக் காணத் திரண்டனர். விருந்துக்குக் குறைவில்லை. ஆனால் படையுதவி கிடைக்கவில்லை, கிடைத்திருக்கவும் முடியாது. அமெரிக்க விடுதலைப் போருக்கு வாரி வழங்கியதாலும் அரசின் பழங்கடன்களாலும் லூயியின் கருவூலம் வறண்டு கிடந்தது. கைவினைஞர் சிலரோடும் பரிசுப் பொருள்களோடும் தூதர்கள் 1789இல் நாடு திரும்பினர்.

அவ்வாண்டு ஜூலை 14இல் பாரிசு மக்கள் பாஸ்டில் கோட்டையைத் தகர்த்தனர். வரிச்சுமையும் உணவுப் பஞ்சமும் உயர்குடியினரின் சலுகைகளும் மக்களைக் கிளர்ந்தெழச் செய்தன. 1792 செப்டம்பரில் முடியாட்சி ஒழிக்கப்பட்டுக் குடியரசு அறிவிக்கப்பட்டது. 1793 ஜனவரி 21இல் லூயி கொலைக்களத்தில் உயிர்துறந்தார். அப்புயலில் சிக்கிய பிரான்சால் மூன்றாம் மைசூர்ப் போரில் திப்புவுக்குக் கைகொடுக்க இயலவில்லை. 1792 மார்ச்சில் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கை அவரது நாட்டில் பாதியைப் பறித்தது. மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய் இழப்பீடு விதிக்கப்பட்டது. அது தீரும்வரை சிறுவரான மைந்தர் இருவர் பிணையாகச் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். வாணியம்பாடியும் திருப்பத்தூரும் அடங்கிய பாராமகால் ஆங்கிலேயர் வசமாயிற்று. நாட்டை இழந்ததினும் பிள்ளைகளைப் பிரிந்ததே அவரை மிகுதியும் வாட்டியிருக்கும் என்று கருத இடமுண்டு.

1797இல் ரிப்போ என்னும் பிரெஞ்சுக் கப்பல்தலைவன் பழுதுற்ற கலத்தோடு மங்களூரில் ஒதுங்கினான். மொரீசியசுத் தீவில் பெரும்படை ஒன்று உதவக் காத்திருப்பதாக அவன் கதை கட்டினான், திப்பு நம்பினார். சீரங்கப்பட்டணத்திலிருந்த பிரெஞ்சு வீரர்கள் ஜாக்கோபின் கழகம் ஒன்று கண்டனர் என்றும், விடுதலை மரம் நட்டனர் என்றும், மன்னரைக் குடிமகன் திப்பு என அழைத்தனர் என்றும் கூறுவர். கழகம் பற்றிய ஆவணங்களை ஐயுறும் வரலாற்றறிஞரும் உளர். எவ்வாறாயினும், அரசனின் தலையைக் கொய்த குடியரசோடு அரசர் ஒருவர் நட்புக்கொண்டது விந்தையே. திப்பு தம் அரியணையை விட்டிறங்க எண்ணியவரல்லர். குடகிலும் மலபாரிலும் கடுமையாக ஆண்டவர். அவர் நாடியது பிரான்சின் கொள்கையை அன்று, பீரங்கிகளையே.

மறைவாகச் சென்ற தூதர்களின் வேண்டுகோளை மொரீசியசு ஆளுநர் மலார்த்திக் 1798 ஜனவரியில் ஊரறியப் பறைசாற்றிவிட்டார். வந்துசேர்ந்த தன்னார்வலரோ நூற்றுவருக்கும் குறைவு. நூறு பேருக்காக ஓர் அரசின் மறைபொருள் வெளிப்பட்டது. அவ்வறிவிப்பையே தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி போருக்குக் காரணமாகக் கொண்டார். எகிப்தில் இறங்கிய நெப்போலியன் திப்புவுக்கு விடுத்த மடலும் வழியிலேயே ஆங்கிலேயர் கையில் சிக்கியது.

1799 பிப்ரவரியில் தளபதி ஹாரிசின் படை வேலூரிலிருந்து புறப்பட்டது. ஆம்பூர் அருகே நிசாமின் படை வந்து கலந்தது. திப்பு இளமையில் குதிரையேறி வந்த நிலத்தின் வழியாகவே பகைப்படை மேடேறிச் சென்றது. மே 4இல் கோட்டைமதில் உடைக்கப்பட்டபோது அவர் வாளேந்திப் போரிட்டு மாண்டார்.

அவர்தம் மைந்தரும் மகளிரும் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டனர். ஏழாண்டு கழிந்தது. சிப்பாய்கள் சமயக் குறிகளை அணிதல் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோலாலான குஞ்சம் பொருந்திய புதுத் தலைப்பாகையைச் சூட வேண்டும் எனக் கும்பினி ஆணையிட்டது. அது பசுவின் தோல் என இந்துக்களும் பன்றியின் தோல் என இசுலாமியரும் கொதித்தனர். 1806 ஜூலை 9இல் திப்புவின் மகளுக்குக் கோட்டைக்குள் திருமணம் நிகழ்ந்தது. மறுநாள் விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து, திப்புவின் புலிக்கொடியை ஏற்றி, மூத்த மைந்தர் ஃபதே ஹைதரை அரசராக அறிவித்தனர். ஆங்கிலேயர் நூற்றுவருக்குமேல் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து நண்பகலுக்குள் கிளர்ச்சியை ஒடுக்கினார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். புதுத் தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. திப்புவின் மைந்தர் தொலைவிலுள்ள கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். குடும்பத்துப் பெண்டிர் சிலரின் கல்லறைகள் வேலூர்க் கோட்டைக்குச் சற்றுத் தொலைவில் இன்றும் உள்ளன.