குன்றின் மேல் நிற்கும் கல்தூண்

மைக்கேல் ஃபாரடேயின் பெயரை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். லண்டன் ராயல் கழகத்தில் 1833ஆம் ஆண்டு அவருக்கு வாழ்நாள் வேதியியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. அந்தப் பதவிக்கு நிதி கொடுத்தவர் யார் என்று தேடியபோதுதான் ஜான் ஃபுல்லரைப் பற்றி நான் அறிந்தேன்.

1757ஆம் ஆண்டு பிறந்த ஃபுல்லருக்கு 20 வயதிலேயே பெரும் சொத்து கைக்கு வந்தது. இங்கிலாந்தின் சசெக்ஸ் வட்டாரத்தில் பிரைட்லிங் என்ற ஊரில் பரந்த நிலமும், ஜமைக்காவில் கரும்புத் தோட்டங்களும் அதில் அடங்கும். பிறகு அவர் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1810ஆம் ஆண்டு குடிபோதையில் அவைத் தலைவரையே இழிவாகப் பேசியதால் காவலர்கள் அவரை வெளியேற்றினார்கள். ஊரார் அவருக்குக் 'கிறுக்கு ஜாக்' என்று பெயர் வைத்தார்கள்.

ஊருக்கு அருகே உள்ள குன்றின் உச்சியில் 65 அடி உயரக் கல்தூண் ஒன்றை அவர் எழுப்பினார். நெல்சனின் கடற்போர் வெற்றி நினைவாக அதைக் கட்டினார் என்பது பலரின் கருத்து. உயிரோடு இருக்கும்போதே தமக்குப் பிரமிடு வடிவில் கல்லறையும் கட்டிக்கொண்டார். அக்காலத்தில் கூம்பு வடிவில் விற்கப்பட்ட சர்க்கரைக் கட்டியைப் போலவே ஒரு கட்டடமும் அவருடைய கைவண்ணம்தான்.

இவற்றைப் படித்துச் சிரித்த நான், அடுத்த பக்கத்தில் சிரிப்பை நிறுத்தினேன். அந்தச் சர்க்கரையை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். அவர்களின் உழைப்பில் வாழ்ந்த ஃபுல்லர், அடிமை முறையை ஆதரித்து நாடாளுமன்றத்தில் வாதாடியவர்.

அதே மனிதர்தான் இடிபடவிருந்த போடியம் கோட்டையை விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார். ஈஸ்ட்போர்ன் நகருக்கு உயிர்காப்புப் படகு வாங்கிக் கொடுத்தார். ஃபாரடேயின் ஆராய்ச்சிக்குத் துணை நின்றார். அவருடைய பெயரால் ஃபாரடே பேராசிரியரான அதே 1833ஆம் ஆண்டில்தான் பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. அது நடப்புக்கு வரும் முன்பே, 1834 ஏப்ரலில், ஃபுல்லர் இறந்துவிட்டார்.

அவரை நல்லவர் என்பதா, கெட்டவர் என்பதா? ஒரே சொல்லில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. கோட்டையைக் காத்ததும் உண்மை. அதற்கான செல்வத்தில் அடிமைகளின் வியர்வை கலந்திருந்ததும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால் அது வரலாறாகாது.

இப்போதெல்லாம் ஒரு மண்டபத்திலோ உபகாரச் சம்பளத்திலோ கொடையாளரின் பெயரைக் கண்டால், எவ்வளவு கொடுத்தார் என்பதோடு நான் நிறுத்துவதில்லை. அந்தப் பணம் எப்படி வந்தது என்றும் தேடிப் படிக்கிறேன்.