லூயி பாஸ்டரும் விசர் நோயும்

1831ஆம் ஆண்டில் பிரான்சின் கிழக்கேயுள்ள யூரா மலைப் பகுதியில் விசர் பிடித்த ஓநாய் ஒன்று ஊர்களுக்குள் புகுந்து பலரைக் கடித்தது. கடியுண்டோர் ஆர்புவா என்னும் சிற்றூரின் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுவரப்பட்டனர். பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் காயத்தைச் சுடுவதே அன்று அறிந்திருந்த வைத்தியம். அப்படிச் சுட்டும் பலர் இறந்தனர். அவ்வூரில் தோல் பதனிடும் தொழில் செய்த ஒருவரின் மகனுக்கு அப்போது வயது எட்டு. அச்சிறுவனே லூயி பாஸ்டர்.

பாஸ்டர் 1822 டிசெம்பர் 27ஆந் திகதி டோல் நகரில் பிறந்தார். பாரிசில் இரசாயனவியல் கற்று, பளிங்குகள் பற்றிய ஆய்வினால் புகழ் பெற்றார். நொதித்தல் நுண்ணங்கிகளின் செயல் என்பதை நிறுவினார். பட்டுப்புழுக்களின் நோயை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, 1868இல் பாரிசவாதத்தினால் அவரது இடப்பக்கம் செயலிழந்தது. எனினும் ஆய்வை அவர் நிறுத்தவில்லை. 1881இல் செம்மறியாடுகளுக்கு அந்திராக்சு நோய்த் தடுப்பூசியைப் பகிரங்கமாக ஏற்றிக் காட்டினார்.

1880இல் அவர் விசர் நோயை ஆராயத் தொடங்கினார். நாய்க்கும் ஓநாய்க்கும் இந்நோய் ஒன்றே. ஒன்றின் உமிழ்நீரிலுள்ள வைரசு கடியின் வழியே மற்றதன் உடலுட் சென்று, நரம்புகளினூடாக மூளையை அடைகின்றது. 2003இல் எதியோப்பியாவின் பேல் மலைகளில் வளர்ப்பு நாய்களிடமிருந்து இவ்வைரசு தொற்றியதால் அரிய ஓநாய்கள் பல மடிந்தன.

பாஸ்டர் இந்த வைரசைக் கண்டதேயில்லை. அவர் அதைக் கண்டுபிடித்தார் என மாணவர் சிலர் விடை எழுதுவது தவறாகும். அக்கால நுணுக்குக்காட்டிக்கு அது புலப்படவில்லை. பற்றீரியாவைப் போல வளர்ப்பூடகத்தில் வளரவும் இல்லை. ஆகவே அவர் முயல்களையே ஊடகமாகக் கொண்டார். நோயுற்று இறந்த முயலின் முண்ணாணை உலர்ந்த காற்றுள்ள குடுவையில் தொங்கவிட்டால், ஏறக்குறைய இரு வாரங்களில் அதன் நச்சுத்தன்மை அற்றுப்போவதை அவரும் உதவியாளர் எமில் ரூவும் கண்டனர். நோயரும்பு காலம் பொதுவாக நீண்டதாகையால், கடிபட்ட பின்னரும் நிர்ப்பீடனத்தை உண்டாக்க அவகாசம் உண்டு. பாஸ்டரின் திட்டம் இதிலேயே தங்கியிருந்தது.

1885 யூலை 6ஆந் திகதி அல்சாசு மாகாணத்திலிருந்து யோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனை அவனது தாய் அழைத்து வந்தார். இரு நாட்களுக்கு முன் நாய் அவனைப் பல இடங்களிற் கடித்திருந்தது. பாஸ்டர் மருத்துவர் அல்லர். எனவே மருத்துவர் கிராஞ்சே ஊசி ஏற்றினார். நன்கு உலர்ந்த முண்ணாணில் தொடங்கி, நாளுக்கு நாள் வீரியம் கூடியதாக 13 ஊசிகள் ஏற்றப்பட்டன. சிறுவன் பிழைத்தான். ஆயினும் இம்முறையை நாய்களிற் சோதிக்கும் வேலை அப்போது முடிந்திருக்கவில்லை என்பதை, பாஸ்டரின் குறிப்பேடுகளைப் பிற்காலத்தில் படித்த வரலாற்றாசிரியர்கள் காட்டியுள்ளனர். இத்துணிவு சரிதானா என்பது இன்றும் விவாதிக்கப்படுகின்றது.

1886 மார்ச்சில் வந்தது மேலும் கடினமான சோதனை. இரசியாவின் சுமொலென்சுக் பகுதியில் விசர் ஓநாய் கடித்த 19 பேர் பாரிசுக்கு வந்தனர். ஓநாயின் கடி ஆழமானது. முகத்திலும் தலையிலும் விழுந்தால் வைரசு மூளையை விரைவில் அடையும். அவர்கள் கடியுண்டு நாட்கள் பலவும் கடந்திருந்தன. பாஸ்டர் ஊசிகளை விரைவுபடுத்தி, ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றை ஏற்றச் செய்தார. மூவர் இறந்தனர், 16 பேர் உயிருடன் ஊர் திரும்பினர். சிறுவயதில் ஆர்புவாவில் அவர் கண்ட முடிவுக்கும் இதற்கும் இடையே 55 ஆண்டுகள்.

இரசியப் பேரரசர் பெருந்தொகைப் பணம் அனுப்பினார். பல நாட்டு மக்களின் நன்கொடையினால் 1888 நவம்பரில் பாரிசில் பாஸ்டர் நிறுவகம் திறக்கப்பட்டது. பாஸ்டர் 1895 செப்டெம்பர் 28இல் காலமானார்; அவரது உடல் அந்நிறுவகத்தின் நிலவறையில் வைக்கப்பட்டுள்ளது. யோசப் மைஸ்டர் வளர்ந்த பின் அதே நிறுவகத்தில் வாயிற்காவலராகப் பணியாற்றினார்.